தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 32 வயதுப் பெண் ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

ஒன்றரை ஏக்கரில் தக்காளி. கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். 14 மாதங்களுக்கு முன் சாயங்காலமானால் இடது கண் இமை தானாக இறங்க ஆரம்பித்தது. காலையில் சரியாகிவிடும். தூக்கம் போதவில்லை என்றார்கள். அப்புறம் இரவில் பேச்சு மூக்கால் வந்தது, தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. ஒரு நாள் ராகிக் களி தொண்டையில் நின்றுவிட்டது. ஊரில் பல்லில் கறை உள்ளவர்கள் நிறையப் பேர் என்பதால் 'எல்லாம் இந்த ஃபுளோரைடு தண்ணி பண்ற வேலை' என்று உறவினர்கள் முடிவு கட்டினார்கள். கடைசியில் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற, தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. சி.டி. ஸ்கேனில் கட்டி இல்லை, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி மட்டும் வயதுக்கு மீறிப் பெரிதாகத் தெரிகிறது. தசைக்குச் சில மணி நேரம் பலம் தரும் பைரிடோஸ்டிக்மின், எதிர்ப்பு சக்தியை அமுக்கும் ஸ்டீராய்டான பிரட்னிசோலோன் மாத்திரைகள் தந்து, தைமஸை எடுத்துவிடும் அறுவை சிகிச்சையையும் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கேதான் குழப்பம். கல்லூரியில் படிக்கும் தம்பி, 'நோயை எதிர்க்கும் செல்களுக்கு தைமஸ்தான் பள்ளிக்கூடம், அதை எடுத்தவர்களுக்குப் புற்றுநோய் இரண்டு மடங்கு வருகிறதாம்' என்று ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார். மாமியார், 'நெஞ்சுக்குள்ள இருக்கறத எடுத்தா உசிரு தங்குமா?' என்கிறார். தெரிந்தவர் ஒருவர் தைமஸைத் தூண்டும் பொடி என்று டப்பா 4,800 ரூபாய்க்கு விற்க வந்திருக்கிறார். கணவர், 'நான் கையெழுத்துப் போட மாட்டேன்' என்கிறார். முகம் வீங்கிப் போனதால் பிரட்னிசோலோனை இவர் தானே பத்து நாள் நிறுத்திப் பார்த்தும் இருக்கிறார். 'அறுவை செய்துகொள்ளலாமா, வேண்டாமா?' என்பதுதான் கேள்வி.

சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பத்து நாள். பிரட்னிசோலோனை இனி ஒருபோதும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் அதைச் சாப்பிடும்போது உங்கள் அட்ரீனல் சுரப்பி, வெளியிலிருந்து வருகிறதே என்று தன் ஸ்டீராய்டு உற்பத்தியைக் குறைத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழலாம். மயஸ்தீனியாவும் ஒரேயடியாகக் கிளம்பி மூச்சுத் தசையைப் பிடிக்கலாம். முகம் வீங்குவது வருத்தமான விஷயம்தான், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. அளவைப் படிப்படியாகக் குறைக்க வழி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் பயப்படும் அறுவை சிகிச்சையே அந்த வழிகளில் ஒன்று என்பதை இந்தப் பதிலின் பாதியில் பார்ப்பீர்கள்.

ஃபுளோரைடு பற்றி இரண்டே வரி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது உண்மையான பிரச்சினை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். உங்கள் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை உண்டாக்காது.

தைமஸுக்குள் என்ன நடக்கிறது

உங்கள் தம்பி சொன்ன 'பள்ளிக்கூடம்' தப்பில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையை வைத்தே மீதியைச் சொல்கிறேன். மார்க்கெட்டுக்கு அனுப்பும் முன் தக்காளியைத் தரம் பிரிப்பீர்கள் அல்லவா? பச்சைக் காயைத் தள்ளுவீர்கள், விலை போகாது. அளவு மீறிப் பழுத்ததையும் தள்ளுவீர்கள், வழியில் உடைந்து கிரேட் முழுவதையும் கெடுத்துவிடும். தைமஸ் செய்வது கிட்டத்தட்ட இதே வேலை.

எலும்பு மஜ்ஜையிலிருந்து இளம் செல்கள் ரத்தத்தின் வழியாக தைமஸுக்கு வருகின்றன. இங்கே வளரும் இவைதான் டி செல்கள், தம்பி சொன்ன நோயை எதிர்க்கும் செல்கள். வரும்போது அவற்றுக்கு எதையும் அடையாளம் காணத் தெரியாது. உள்ளே வந்த பிறகு ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளை வெட்டி, மாற்றி, ஒட்டி, தனக்கென்று ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. அதுதான் அந்தச் செல்லின் கை. கோடிக்கணக்கான செல்கள், விதவிதமான கைகள். திட்டம் எதுவும் கிடையாது, எல்லாம் குருட்டாம்போக்கில் நடப்பது. நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று உடலுக்கு முன்கூட்டித் தெரியாதே, அதனால்தான் இப்படி. ஆனால் குருட்டாம்போக்கில் செய்தால் உதவாத கைகளும், நம்மையே தாக்கும் கைகளும் சேர்ந்தே பிறக்கும்.

அதனால் இரண்டு சோதனை. முதல் சோதனை தைமஸின் வெளிப்பகுதியில். நம் உடலின் ஒவ்வொரு செல்லும் உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாக ஒரு தட்டில் வைத்து வெளியே காட்டிக்கொண்டிருக்கிறது. டி செல் அந்தத் தட்டை இலேசாகவாவது பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிடிக்கத் தெரியாத செல் சில நாட்களில் தானாகச் செத்துப்போகும். இது பச்சைக் காய். தேறியவை உள்பகுதிக்கு நகர்கின்றன. அங்கே இரண்டாவது சோதனை, இதுதான் எனக்குப் படிக்கும் காலத்திலிருந்து இன்றுவரை வியப்பாக இருப்பது. நெஞ்சுக்குள் இருக்கும் இந்தச் சிறு சுரப்பி, கணையத்தில் மட்டும் இருக்க வேண்டிய இன்சுலின், தைராய்டில் மட்டும் இருக்க வேண்டிய புரதம் என்று உடல் முழுவதன் மாதிரிகளையும் தானே கொஞ்சம் கொஞ்சம் தயாரித்துக் காட்டுகிறது. அவற்றில் பலவற்றுக்குச் சாவி, 1997-இல் கண்டறியப்பட்ட ஏர் (AIRE) என்ற மரபணு. அந்த மாதிரிகளைப் பார்த்து எந்த டி செல் இறுக்கிப் பிடிக்கிறதோ, அது ஆபத்து. பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படும். சில, மற்ற செல்களை அடக்கிவைக்கும் காவல் செல்களாக மாற்றப்படும். உள்ளே நுழைந்து வளர்ந்தவற்றில் 100-க்கு 5 கூட உயிரோடு வெளியே வருவதில்லை.

தைமஸின் வேலை என்னவென்றே வெகு காலம் யாருக்கும் தெரியாது. 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் பிறந்த உடனே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அவற்றின் ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் (டி செல்களும் இந்த வகைதான்) குறைந்தன, தொற்று வந்து இறந்தன, வேறு எலியின் தோலை ஒட்டவைத்தால்கூட எதிர்க்கவில்லை. வளர்ந்த எலியில் தைமஸை எடுத்தபோதோ இப்படிப்பட்ட பாதிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு இந்த வேறுபாடு முக்கியம். தைமஸ் பெரும் உழைப்பை உழைப்பது கருவிலும் குழந்தைப் பருவத்திலும். பருவமடையும் காலத்தில் ஏறக்குறைய 30 முதல் 40 கிராம் வரை வளர்ந்து, அப்புறம் மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறிவிடும். 32 வயதில், தேறி வெளியே வந்த டி செல்கள் ஏற்கெனவே உங்கள் ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடியேறியிருக்கின்றன. பெரியவர்களுக்குத் தேவைப்படும் புதிய டி செல்களில் பெரும்பகுதி, அந்தச் செல்களே பிரிந்து பெருகுவதால் கிடைப்பவை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் அவற்றிடம்தான், தைமஸில் இல்லை.

உங்கள் தைமஸில் நடந்தது வேறு. நரம்பு கட்டளையிட்டால் தசை சுருங்க வேண்டும். அந்தக் கட்டளையைத் தசையில் வாங்கிக்கொள்வது அசிட்டைல்கோலின் ஏற்பி. தைமஸுக்குள்ளும் தசையைப் போன்ற சில செல்கள் உண்டு, அவற்றின் மேலும் இதே ஏற்பி இருக்கிறது. உங்களைப் போன்ற இளம் வயதுப் பெண்களின் மயஸ்தீனியாவில், தைமஸின் உள்பகுதியில் பி செல்கள் என்ற, எதிர்ப்பொருள் தயாரிக்கும் வேறு வகை வெள்ளை அணுக்கள் கூட்டமாகக் குடியேறி, டி செல்களின் துணையோடு அந்த ஏற்பிக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்குகின்றன. ஸ்கேனில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். எதிர்ப்பொருள் ரத்தத்தில் போய்த் தசையின் ஏற்பிகளை அடைக்கிறது, அழிக்கிறது. காலையில் ஓய்வுக்குப் பிறகு மிச்சமுள்ள ஏற்பிகளை வைத்துச் சமாளிக்கும் தசை, மாலையில் கைவிட்டுவிடுகிறது. ஆகவே, 'எதிர்ப்பு சக்தியின் பள்ளிக்கூடத்தை இடிக்கிறார்கள்' என்று நினைக்காதீர்கள். பாடம் பெரும்பாலும் நடத்தி முடித்த பள்ளியில், இப்போது தப்பான பாடம் நடந்துகொண்டிருக்கும் ஓர் அறையை மூடுகிறார்கள்.

மாமியாருக்கும் ஒரு பதில் சொல்லுங்கள். தைமஸ் இருப்பது இதயத்துக்கு முன்னால், மார்பெலும்புக்குப் பின்னால். இதயத்தைத் தொட்டாற்போல் இருந்தாலும் அது தனி. 1936-இல் ஆல்ஃபிரட் பிளாலக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், மயஸ்தீனியா இருந்த ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார். அந்தப் பெண்ணின் நோய் தணிந்தது. இந்தச் சிகிச்சையின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

தம்பி அனுப்பிய செய்தி

அவரைத் திட்டாதீர்கள். அது பொய்ச் செய்தி அல்ல. அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு. பெரியவர்களில் தைமஸ் அகற்றப்பட்ட 1,146 பேரை, அதே போன்ற நெஞ்சு அறுவை செய்துகொண்டு தைமஸை இழக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 8.1 சதவீதம், இரண்டாவதில் 2.8. புற்றுநோய் 7.4 சதவீதம், 3.7 சதவீதம். தைமஸை இழந்தவர்களில் சிலரைச் சோதித்தபோது புதிய டி செல் உற்பத்தி குறைந்திருந்ததையும் கண்டார்கள். பெரியவர்களுக்கு தைமஸ் வெறும் குப்பை என்று நாங்கள் படித்த பாடத்தை இது அசைத்துவிட்டது. இதய அறுவையின்போது வழியில் இருக்கிறதே என்று தைமஸை அலட்சியமாக வெட்டி எறிவது தவறு என்றே நானும் இப்போது நினைக்கிறேன்.

ஆனால் 'இரண்டு மடங்கு' என்று கேட்டதும் அதை உங்கள் மேல் அப்படியே பொருத்திவிட முடியாது. அந்த ஆய்வு, மயஸ்தீனியா உள்ளவர்களில் அறுவை செய்துகொண்டவர், செய்துகொள்ளாதவர் என்று ஒப்பிடவில்லை. உங்களுக்குத் தேவையான ஒப்பீடு அதுதான். தைமஸை எடுக்காவிட்டால் நீங்கள் ஆரோக்கியமாக இருக்கப்போவதில்லை. நோயோடும் பிரட்னிசோலோனோடும் இருக்கப்போகிறீர்கள். மேலும் அது பழைய பதிவேடுகளை வைத்துப் பார்த்த ஆய்வு. யாருக்கு எடுப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது அல்ல.

அப்படிக் குலுக்கல் முறையில் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 2016-இல் வெளியானது. உங்களைப் போலவே ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ள, கட்டி இல்லாத, நோய் வந்து ஐந்து ஆண்டுக்குள் உள்ள 126 பேர். பாதிப் பேருக்கு அறுவையும் பிரட்னிசோனும் (உங்கள் பிரட்னிசோலோனைப் போன்றதே), மீதிப் பேருக்கு பிரட்னிசோன் மட்டும். மூன்று ஆண்டு பார்த்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தசை பலவீனம் குறைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் பிரட்னிசோனின் சராசரி அளவு 44 மில்லிகிராம் போதுமாயிருந்தது, மற்றவர்களுக்கு 60 தேவைப்பட்டது. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 9 சதவீதம், மற்ற குழுவில் 37 சதவீதம். ஐந்தாம் ஆண்டிலும் பலன் நீடித்தது. இத்தனை சிறிய குழு, இருபது வருடம் கழித்து என்ன ஆகும் என்ற தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லாது. அதையும் அவரிடம் நேர்மையாகவே சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அறுவை செய்யாவிட்டால் எதிர்ப்பு சக்தி பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நீண்ட காலம் அதிக அளவில் எடுக்கும் பிரட்னிசோலோன் எதிர்ப்பு சக்தியைத் தினம் தினம் அமுக்கிக்கொண்டேதான் இருக்கும். கூடவே சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடையைப் போட்டுப் பார்க்கக் கூடாது.

என் கருத்து

கடிதத்தில் உள்ள விவரங்கள் சரியென்றால், அறுவையால் பலன் கிடைக்க வாய்ப்புள்ளவர்களில் நீங்கள் ஒருவர். வயது, எதிர்ப்பொருளின் வகை, நோய் வந்து ஆகியிருக்கும் காலம், எல்லாம் அந்தப் பக்கமே சாய்கின்றன. நான் உங்கள் மருத்துவராக இருந்தால் செய்துகொள்ளச் சொல்வேன். மஸ்க் என்ற வேறு வகை எதிர்ப்பொருள் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். கட்டி இருந்திருந்தால், யோசிக்கவே வேண்டாம், எடுத்தே ஆக வேண்டும் என்றிருப்பேன்.

ஆனால் இன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை. களி தொண்டையில் நிற்கும் நிலையில் அறுவைக்குப் போகவே கூடாது. முதலில் மருந்தால் விழுங்குதலும் மூச்சும் நிலைப்பட வேண்டும். தேவைப்பட்டால் அறுவைக்கு முன் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை நீக்கும் பிளாஸ்மா மாற்றமோ, அதன் வேலையைத் தற்காலிகமாக அடக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியோ தருவார்கள். அறுவைக்குப் பிறகு ஓரிரு நாள் மூச்சுக் கருவி தேவைப்படலாம் என்பதால், நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவும், மயஸ்தீனியாவைக் கையாண்டு பழகிய மயக்க மருத்துவரும் இருக்கும் இடமாகப் பாருங்கள். மார்பெலும்பைத் திறந்தும் செய்யலாம், சிறு துளைகள் வழியாகவும் செய்யலாம். எது என்பதைவிட, தைமஸையும் சுற்றியுள்ள கொழுப்பையும் முழுதாக எடுக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பலன் மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்துத்தான் தெரியும். மறுநாளே இமை நிமிர்ந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். முழுக் குணம் எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை.

அந்தப் பொடியை வாங்காதீர்கள். சுருங்கிய தைமஸை வளரவைக்கும் பொடி எதுவும் கிடையாது. உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவும் இல்லை, அது திசைமாறிப் போயிருக்கிறது. அதைத் 'தூண்டுகிறேன்' என்பவரிடம் கொடுக்கும் 4,800 ரூபாய், பெங்களூர் போய்வரும் செலவுக்காவது ஆகும்.

கையெழுத்தும் செலவும்

சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியது நீங்கள். நீங்கள் வயது வந்தவர், சுயநினைவோடு இருப்பவர். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: நோயாளி தானே முடிவெடுக்கக் கூடியவராக இருக்கும்போது, அவசர நிலை தவிர, குடும்பத்தார் சம்மதம் அவருடைய சம்மதத்துக்கு மாற்று ஆகாது. மருத்துவமனைகள் வழக்கமாகக் கணவர் கையெழுத்தையும் கேட்கும். அது ஆதரவுக்கு, அனுமதிக்கு அல்ல. இருந்தாலும் கணவரை ஒதுக்கிவிட்டு முடிவெடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அறுவைக்குப் பிறகு சில வாரம் கிரேட் தூக்க முடியாது, பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அவர் பயம் உங்களை இழந்துவிடுவோமோ என்ற பயம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கூட்டிப்போய், அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும்.

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால், உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை தர வேண்டும் என்பது விதி. ஸ்கேன் சி.டி., எதிர்ப்பொருள் அறிக்கை இரண்டையும் கேட்டு வாங்குங்கள். செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா, இந்த அறுவை அங்கே அதில் வருகிறதா என்று சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில்

பல ஆண்டுகளுக்கு முன் மயஸ்தீனியா உள்ள ஒரு பெரியவருக்குக் காய்ச்சல் என்று எங்கோ ஜென்டாமைசின் ஊசி போட்டுவிட்டார்கள். தன் நோயின் பெயரை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூச்சு விட முடியாமல் எங்களிடம் வந்தார், பிழைத்துக்கொண்டார். அதனால் நோயின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மணிபர்ஸில் வைத்திருங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், புரோப்ரனலால், குளோரோகுயின், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம் போன்றவற்றை உங்கள் நரம்பு மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது என்றும் அதில் எழுதுங்கள். சளி இருமலுக்கு மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வருவது, தலை தானாக முன்னால் சாய்வது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், 'இனிமேல் களியே சாப்பிடக் கூடாதா டாக்டர்?' என்று பென்சிலால் எழுதியிருந்தீர்கள். சாப்பிடலாம், விழுங்குவது நிலைப்பட்ட பிறகு. பைரிடோஸ்டிக்மின் போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, மருந்து வேலை செய்யும் நேரத்தில் சாப்பிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, குழம்பு நிறைய விட்டு, சின்னச் சின்ன உருண்டையாக, பேசாமல். அதுவரைக்கும், முக்கியமாக இரவில், களி வேண்டாம். அதே ராகியைக் கூழாகக் கரைத்துக் குடியுங்கள். கூழ்கூடத் தொண்டையில் தடுமாறினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.